நிரை 1.0

வினாத்தாளைக் கொடுத்து முடித்ததும் சுகிர்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேர்வு அறையில் மேற்பார்வைக்கு நிற்கிறவள் சிரிக்கக் கூடாது என்று பல்கலைக்கழகம் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனால் இந்த நேரத்தில் சிரித்தால் பிள்ளைகள் என்ன நினைக்கும், கேள்வியைப் பார்த்து மேடத்துக்கே சிரிப்பு வருதே, நம்ம கதி என்ன என்று பேனாவை மூடி வைத்துவிடும். அதனால் இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே எப்போதும் நிற்கிற வாகை மரம், எப்போதும் இருக்கிற மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகிற லாரிகள். எதுவும் மாறவில்லை, மாறியது அவள் ஒருத்திதான். காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அது பொங்குவதற்குள் கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானைத் தட்டி, தான் எழுதிய "நிரை" என்ற கணித மென்பொருளின் முதல் முழுப் பதிப்பை உலகத்துக்கு விட்டுவிட்டு வந்திருக்கிறாள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்ததுதான், அதனால் என்ன, நல்ல காரியத்துக்குப் பால் பொங்கத்தானே வேண்டும். ஒன்று புள்ளி பூச்சியம். சைபர் புள்ளி ஒன்று, சைபர் புள்ளி இரண்டு என்று இத்தனை வருஷம் தவழ்ந்துகொண்டிருந்தது இன்றைக்கு எழுந்து நின்றுவிட்டது. இந்நேரம் யாராவது அதை இறக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார்களோ, யாரோ, எங்கேயோ, முகம் தெரியாத ஒருவர், அவள் எழுதிய விளக்கத்தை முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டு. விரல் தானாகக் கைப்பையைத் தேடிப் போனது. போன் இல்லை. மேற்பார்வைக்கு வருகிறவர்கள் போனைக் கீழே தேர்வுக் கட்டுப்பாட்டு அறையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும். அந்த டப்பாவுக்குள், கூட மேற்பார்வைக்கு நிற்கிற பொருளாதாரத் துறை இசக்கிமுத்து சாருடைய பட்டன் போனுக்குப் பக்கத்தில், அவள் போன் இப்போது துடித்துக்கொண்டிருக்கலாம். துடிக்காமலும் கிடக்கலாம். தேர்வு முடிகிறவரை அது தெரியப்போவதில்லை, தெரியாமல் இருப்பதுகூட ஒரு விதத்தில் சுகமாகத்தான் இருந்தது.

நடந்தாள். இந்த அறையில் ஒரு வரிசைப் பிள்ளைகள் புள்ளியியல், அடுத்த வரிசை வணிகவியல், அடுத்தது விலங்கியல், ஒருவர் தாளை இன்னொருவர் பார்த்து எழுதக் கூடாது என்று மாற்றி மாற்றி உட்கார வைத்திருக்கிறார்கள். இதுவே நிரை போடுகிற எழுத்துச் சதுரம் மாதிரி ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டாள், ஆனால் சோம்பேறிச் சதுரம், விலங்கியலுக்கு எப்போது பார்த்தாலும் வணிகவியலே பக்கத்து வீடு. நிரையிடம் கேட்டிருந்தால் அழகாகப் போட்டுக் கொடுத்திருக்குமே. எந்த வரிசையிலும் எந்தப் பத்தியிலும் ஒரே எழுத்து இரண்டு தடவை வராது, அதுவரைக்கும் பேப்பரில் வருகிற சுடோகுக்காரர்களுக்கே தெரியும். நிரையில் அதற்கு மேலேயும் ஒரு நிபந்தனை உண்டு, ஒவ்வொரு எழுத்துக்கும் மற்ற ஒவ்வொரு எழுத்தும் வலப்பக்கத்தில் ஒரே ஒரு தடவை வந்து உட்கார வேண்டும், யாருக்கும் ஓரவஞ்சனை கிடையாது. வயலில் பல ரக நெல்லை நட்டு எது நன்றாக விளைகிறது என்று பார்க்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம், உயரமான ரகம் பக்கத்திலிருக்கிற குட்டை ரகத்தின் வெயிலைத் தின்றுவிடும், ஆகவே எல்லாரும் எல்லாருக்கும் பக்கத்தில் ஒரு தடவை நின்றால்தான் நியாயம். ரகங்களின் எண்ணிக்கை இரட்டையாக இருந்தால் ஒரு சின்னச் சூத்திரம் போதும், பிளஸ் டூ பிள்ளைகூடப் போட்டுவிடும். ஒற்றை எண் வந்தால் சூத்திரம் கையை விரித்துவிடும். சில ஒற்றை எண்களுக்கு அப்படி ஒரு சதுரம் கிடையவே கிடையாது, சிலவற்றுக்கு உண்டு, ஆனால் தேடித்தான் பிடிக்க வேண்டும். தேடினாள். கோடை விடுமுறையில் கல்லூரியின் கணிதத் துறைக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் சும்மா கிடக்கும், முதல்வரிடம் கெஞ்சி அனுமதி வாங்கி அவற்றை ஓடவிட்டு, கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டு, இப்படியாகச் சேர்த்த சதுரங்கள் ஒரு பெரிய அட்டவணை. அந்த அட்டவணைதான் நிரை, மற்றதெல்லாம் அதற்குப் போட்ட உறை. அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு ஒரு கர்வம் வரும். இப்போதும் வந்தது. கர்வத்தோடு நாலு எட்டு அதிகமாக நடந்ததில் கடைசி பெஞ்சுப் பையன் மடியிலிருந்து கையை எடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டான்.

நிரை தனியாக ஓடாது, ஒரு பெரிய மென்பொருளின் தோளில் ஏறித்தான் ஓடும். உலகமெங்கும் உள்ள கணிதக்காரர்கள் கூடி எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இலவசமாக வைத்திருப்பது அந்தப் பெரிய மென்பொருள். எழுதிய மகராசர்கள் வேறு, சுகிர்தா வேறு. ஆனால் வெளியாள் ஒருவர் தனியே ஒரு பேக்கேஜ் எழுதி, அந்த மென்பொருளோடு சேர்ந்து ஓடும்படி கட்டி, இணையத்தில் இருக்கிற பொதுக் கிடங்கில் கொண்டுபோய் வைக்கலாம், யாரும் தடுப்பதில்லை. தடுக்காதவர்கள் தூக்கிவிடவும் மாட்டார்கள், இது வெளியார் எழுதியது, எங்களுக்கு இதில் பொறுப்பில்லை என்று ஒரு வரி போட்டுவிட்டு அவர்கள் பாட்டுக்கு இருப்பார்கள். எழுதுகிறதும் நீ, மூட்டை கட்டுகிறதும் நீ, வாங்க வாங்க என்று கூவுகிறதும் நீ. எழுதினாள், கட்டினாள், அந்தக் கூவுகிற வேலைதான் வரவில்லை. கணித ஆசிரியர்களின் வாட்ஸாப் குழுவில் அறிவித்தபோது மூன்று பேர் ரோஜாப்பூ போட்டார்கள், ஒருவர் கைகூப்பினார், இன்னொருவர் பேக்கேஜ் நல்லாருக்கு மேடம், எந்த ஊர், சாப்பாடு சேர்த்தா என்று கேட்டார். மதுரை மாநாட்டில் அவளுக்கு மதியச் சாப்பாட்டுக்கு முந்தின நேரத்தைக் கொடுத்தார்கள், டோக்கனைக் கையில் பிடித்துக்கொண்டு வாசல் பக்கமே பார்த்திருந்த கூட்டம், சந்தேகம் ஏதாவது உண்டா என்றதும் ஒருவர் மட்டும் கையைத் தூக்கி, ஏசி கொஞ்சம் குறைக்கலாமா என்றார். ஒன்பது நிறத்தில் ஒரு சதுரம் வரைந்து சிவகாசியில் ஸ்டிக்கர் அடித்தாள். கணவன் கிருபாகரன் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் இருக்கிறான், அவன்தான் ஆசையாக அள்ளிக்கொண்டு போய் ஸ்கூட்டர், பிரிட்ஜ், ஆபீஸ் அலமாரி என்று கண்ட இடத்திலெல்லாம் ஒட்டினான், ஆபீசில் எல்லாரும் புது பெயிண்ட் கம்பெனியா அண்ணாச்சி என்று விசாரித்தார்களாம். அதெல்லாம்கூடப் பரவாயில்லை, அந்த பிரியாணி விஷயத்தை மட்டும் நினைக்கக் கூடாது. நினைக்கக் கூடாது என்றால் நினைவு கேட்கிறதா.

சைபர் புள்ளி ஒன்பதை வெளியிட்ட மறுநாள், இறக்கியவர்கள் எத்தனை என்று காட்டுகிற இடத்தில் இருநூற்றுக்கு மேல் காட்டியது. இருநூறு பேர். இருநூறு வீடு, இருநூறு நாற்காலி, இருநூறு ஜோடிக் கண்ணாடி என்று அவள் கற்பனை எங்கெங்கோ ஓடியது. மட்டன் வாங்கி வரச் சொல்லி, சீரகச் சம்பாவில் பிரியாணி போட்டு, பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தனுப்பினாள். பிறகுதான் அந்தப் பெரிய மென்பொருள்காரர்களின் மின்னஞ்சல் குழுவில் ஒரு புண்ணியவான் சாவகாசமாக விளக்கினார், கிடங்கில் எது புதிதாக வந்தாலும் ஒன்று விடாமல் நகல் எடுத்துக்கொண்டு போகிற இயந்திரங்கள் உலகமெங்கும் இருக்கின்றன, அவை எண்ணிக்கையில் சேரும், மனிதர்கள் வந்தார்களா என்பதை எண்ணிக்கையை வைத்துச் சொல்ல முடியாது, யாராவது எழுதிக் கேட்டால்தான் உண்டு. யாரும் எழுதிக் கேட்கவில்லை. கிருபாகரன் தலையைச் சொறிந்தான். "அப்போ மிஷினுக்கா நம்ம பிரியாணி போட்டோம்?" என்றான். "விக்கப் போனா வெல ஜாஸ்திம்பான். நீ சும்மால்ல குடுக்க. சும்மா குடுத்தும் ஆளு வராத சரக்க நான் ஹார்பர்லயே பாத்ததில்ல, சுகி." அவன் கேலிக்குத்தான் சொன்னான், அவளும் சிரிக்கத்தான் செய்தாள், சிரித்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ஒரு ஆள் போதும், ஆண்டவரே, இருநூறு வேண்டாம், நிஜமான ஒரே ஒரு ஆள். அன்றைக்கு அழுததை இன்று நினைத்தால் வெட்கமாக இல்லை. இன்றைக்கு எல்லாம் மாறப்போகிறது. முழுப் பதிப்பு, விளக்கம் முழுசாக உண்டு, உதாரணங்கள் உண்டு, காலையில் மின்னஞ்சல் குழுவுக்குப் போட்ட அறிவிப்பில் கூச்சத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஒரு வரி எழுதியிருக்கிறாள், ஒற்றை எண்களுக்கான சதுரங்கள் வேறெங்கும் இவ்வளவு எளிதாகக் கிடைக்காது என்று. எழுதியபோது கன்னம் சூடானது. இருக்கட்டுமே, உண்மைதானே.

"மேம், டேபிள் வரல" என்றாள் முன்வரிசைப் பெண். புள்ளியியல் வரிசை முழுக்க நிமிர்ந்து பார்த்தது. வினாத்தாளின் தலையில் புள்ளியியல் அட்டவணை பயன்படுத்தலாம் என்று அச்சடித்திருக்கிறது, அது இல்லாமல் பாதிக் கேள்விகளைத் தொடவே முடியாது, அட்டவணையைக் காணோம். இசக்கிமுத்து சார் உறையைத் தலைகீழாகப் பிடித்து உதறினார், உள்ளே எட்டிப் பார்த்தார், வாசலுக்குப் போய்க் கீழே நிற்கிற ஆளைக் கைதட்டிக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு வந்தார். "கவர்ல வைக்க மறந்துருப்பாவ மேடம். வேற ஒண்ணுமில்ல. இப்ப வந்துரும்" என்றார். ஒன்றுமில்லைதான். பதற வேண்டாம்மா, அட்டவணை வேண்டாத கேள்வியை முதலில் எழுதுங்கள் என்று சுகிர்தா வரிசைக்குச் சொன்னாள், குரல் சாதாரணமாகத்தான் வந்தது. சொல்லிவிட்டுத் திரும்பியவள் பாதியில் நின்றாள். கவரில் வைக்க மறந்திருப்பார்கள். அட்டவணையை. கவரில். நான் வைத்தேனா.

வைத்தேன், வைக்காமலா, அட்டவணை இல்லாமல் நிரை ஏது. பொறு, நிதானமாக யோசி. போன வாரம் அட்டவணைக் கோப்பை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு மாற்றினாள், முழுப் பதிப்பாயிற்றே, வீடு குடிபோகும்போது சாமான்களை ஒழுங்குபடுத்துகிற மாதிரி எல்லாவற்றையும் ஒழுங்கு செய்யலாம் என்று "தரவு" என்ற புது உறைக்குள், அதாவது ஃபோல்டருக்குள், அதைத் தூக்கி வைத்தாள். நிரலிலும் புது இடத்தைச் சொல்லிவிட்டாள், அது நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் மூட்டை கட்டுகிறபோது எந்தெந்த உறையெல்லாம் உள்ளே போக வேண்டும் என்று சொல்வதற்குத் தனியே ஒரு சின்னக் கோப்பு உண்டு, அதில் எழுதியது போகும், எழுதாதது போகாது, கட்டுகிற கருவி கேள்வி கேட்காது. அந்தக் கோப்பில் "தரவு" என்று சேர்த்தாளா? அதைத் திறந்தது நினைவிருக்கிறது. திறந்து வைத்திருந்தபோதுதான் கேஸ்காரர் வந்தார். கிருபாகரன் மாடியிலிருந்து, "ஏட்டி, சிலிண்டர் வந்துருக்கு, காலி சிலிண்டர உருட்டிட்டு வா" என்று கத்தினான். போனாள், உருட்டினாள், புத்தகத்தில் கையெழுத்துப் போட்டாள், திரும்பி வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்து என்ன செய்தாள்? சேர்த்துவிட்டு எழுந்தாளா, எழுந்துவிட்டுச் சேர்த்தாளா, சேர்க்கவே இல்லையா? கேஸ்காரரின் நீலச் சட்டை நினைவிருக்கிறது, சிலிண்டர் மூடியின் கயிறு அறுந்திருந்தது நினைவிருக்கிறது, ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று அவர் டார்ச் அடித்துப் பார்த்தது நினைவிருக்கிறது, அந்த ஒரு வரி மட்டும் நினைவில் இல்லை. மறுபடி முதலிலிருந்து வந்தாள். கோப்பைத் திறந்தாள், கிருபாகரன் கத்தினான், சிலிண்டர், நீலச் சட்டை, அங்கே போய் நின்றுவிடுகிறது. சோதனையெல்லாம் ஓட்டிப் பார்த்தாளே, எல்லாம் சரி என்று பச்சையாக வந்ததே. வரும், ஏன் வராது, அவள் கம்ப்யூட்டரில் அட்டவணை அவள் வீட்டிலேயே இருக்கிறது, மூட்டைக்குள் இல்லாவிட்டாலும் எட்டி எடுத்துக்கொள்ளும். புதுக் கம்ப்யூட்டர் ஒன்றில், நிரையை முன்பின் பார்த்திராத ஒன்றில், கிடங்கிலிருந்து இறக்கிப் போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும், அதுதான் முறை, மற்றவர்களுக்கெல்லாம் அவளே மேடை போட்டுச் சொல்லிக் கொடுக்கிற முறை. கல்லூரி ஆய்வகத்தில் பார்க்கலாம் என்றுதான் இருந்தாள். செய்முறைத் தேர்வு என்று ஆய்வகத்தைப் பூட்டிவிட்டார்கள். ஒரு நாள் பொறுத்திருக்கலாம். பொறுக்க முடியவில்லை, ஆசை, வேறு என்ன, பால் பொங்குவதற்குள் தட்டிவிட வேண்டும் என்று ஆசை.

இப்போது யார் அதை இறக்கினாலும் இரட்டை எண்ணுக்குச் சமர்த்தாக வேலை செய்யும், ஒற்றை எண்ணைக் கேட்ட உடனே விழுந்துவிடும். அறிவிப்பில் எதைப் பெருமையாகச் சொன்னாளோ சரியாக அதில் விழும். வேறெங்கும் இவ்வளவு எளிதாகக் கிடைக்காதாம். அடி பாவி. அழித்துவிட்டு அதே எண்ணில் சரியானதை ஏற்றலாம் என்றால் கிடங்கு விடாது, ஒரு தடவை கொடுத்த எண் கொடுத்ததுதான், ஒன்று புள்ளி பூச்சியம் என்றைக்கும் உடைந்த ஒன்று புள்ளி பூச்சியமாகவே அங்கே உட்கார்ந்திருக்கும், அடுத்து வருவது ஒட்டுப்போட்டதுதான். முதல் தடவை வந்து ஏமாந்துபோன ஆள் மறுபடி வருவாரா? அவளே எத்தனை பேக்கேஜ்களை இப்படிப் பார்த்திருக்கிறாள், நிறுவினாள், நடக்கவில்லை, உதட்டைப் பிதுக்கிவிட்டு நீக்கிவிட்டாள், எழுதியவருக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. யார் சொல்கிறார்கள். பேசாமல் போய்விடுவார்கள். போனவர்களை எண்ண முடியாது, வந்ததே தெரியாது. கீழே போய்ப் போனை எடுக்கலாமா, வயிற்றுவலி என்று சொல்லலாமா, சொன்னால் இசக்கிமுத்து சார் தனியாக நிற்க வேண்டும், ஒரு அறையில் ஒருவர் மட்டும் நிற்கக் கூடாது, பிள்ளைகளுக்கு அட்டவணையும் வரவில்லை. போனில் மட்டும் என்ன செய்துவிட முடியும், மூட்டை வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஆண்டவரே, யாரும் வந்திருக்கக் கூடாது. இன்றைக்கு ஒரு நாள், நான் வீடு போய்ச் சேருகிறவரைக்கும், ஒருவர்கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருக்கக் கூடாது. இப்படி வேண்டிக்கொண்டு இரண்டு பெஞ்சு தாண்டிய பிறகுதான் தான் என்ன வேண்டுகிறோம் என்பதே அவளுக்கு உறைத்தது. ஒரே ஒரு ஆளை அனுப்பு என்று எத்தனை நாள் கேட்டவள், இப்போது யாரையும் அனுப்பாதே என்கிறாள். ஆண்டவருக்கே குழப்பமாக இருக்கும், இந்தப் பொம்பளைக்கு என்னதான் வேணும்னு. மறுபடியும் சிரிப்பு முட்டியது, பயத்துக்கு நடுவில் அது எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. காலையிலிருந்து உடம்பில் ஏறியிருந்த அந்தப் பரபரப்பு இறங்கவே மாட்டேன் என்கிறது. காலையில் கேட்ட யாராவது வந்திருப்பார்களோ என்பதும் இப்போது கேட்கிற யாராவது வந்திருப்பார்களோ என்பதும் ஒரே கேள்வியாக இருக்கிறது, ஒரு தடவை கேட்டால் இனிக்கிறது, அடுத்த தடவை கேட்டால் கசக்கிறது.

அட்டவணைகள் வந்தன. மூச்சிரைக்க ஒருவர் கட்டைக் கொடுத்துவிட்டு, மன்னிக்கணும், பழைய கட்டோட மாறிப்போச்சு என்றார். புள்ளியியல் வரிசை ஆளுக்கொன்றாக வாங்கிக்கொண்டு ஒன்றுமே நடக்காததுபோல எழுதத் தொடங்கியது, முன்வரிசைப் பெண் அவளைப் பார்த்துத் தேங்க்ஸ் மேம் என்று உதட்டை மட்டும் அசைத்தாள். இவ்வளவுதானா, வரவில்லை என்று சொன்னார்கள், வந்தது, எழுதுகிறார்கள். சொன்னதால் வந்தது. அந்தப் பெண் கையைத் தூக்காமல் பேசாமல் இருந்திருந்தால்? ஆனால் அவளுக்கு இது தேர்வு, வேறு வழியில்லை, இந்தத் தாளைத்தான் எழுதியாக வேண்டும். நிரையைத்தான் எடுத்தாக வேண்டும் என்று உலகத்தில் யாருக்கு விதி? சுகிர்தா நடந்துகொண்டே மனதுக்குள் திருத்தத்தைச் செய்து பார்த்தாள், சின்னக் கோப்பில் ஒரு வரி, மறுபடி மூட்டை, மறுபடி ஏற்றம், பத்து நிமிஷ வேலை. பத்து நிமிஷ வேலைக்கு இத்தனை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு அடிஷனல் ஷீட் கொடுத்தாள், நூல் கொடுத்தாள், தண்ணீர் கேட்ட பையனுக்குத் தண்ணீர் காட்டினாள். சுவரில் மாட்டியிருக்கிற கடிகாரத்தைப் பார்க்காதே என்று தனக்கே சொல்லிக்கொண்டு ஒவ்வொரு சுற்றிலும் பார்த்தாள்.

மணி அடித்தது. தாள்களை வாங்கிப் பதிவெண் வரிசையில் அடுக்கினார்கள். அவள் ஒரு தடவை எண்ணினாள், இசக்கிமுத்து சார் ஒரு தடவை எண்ணினார், இரண்டு எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கிறதென்று உரக்கச் சொல்லிவிட்டு உறைக்குள் வைத்தார்கள். மூடுவதற்கு முன்னால் சார் மறுபடி ஒரு தடவை உள்ளே விரலை விட்டுத் தாள்களைத் தள்ளிப் பார்த்தார், பிறகுதான் பசை, பிறகு அரக்கு, அதன்மேல் இரண்டு பேர் கையெழுத்து. அறுபது பிள்ளைகளின் விடைத்தாளுக்கு இவ்வளவு காவல். இத்தனை வருஷத் தேடலை அவள் தனியாக, யாரையும் பார்க்கச் சொல்லாமல், அடுப்படிக்கும் மேஜைக்கும் நடுவில் கட்டி அனுப்பியிருக்கிறாள். தன்மேலேயே கோபம் வந்தது, பேனாவை அழுத்திக் கையெழுத்துப் போட்டதில் தாள் கிழியப் பார்த்தது. "மெதுவா மேடம்" என்றார் சார்.

கட்டுப்பாட்டு அறையில் உறையை ஒப்படைத்துவிட்டு பிஸ்கட் டப்பாவுக்குள் கையை விட்டாள். போன் சூடாக இருந்தது, வெயில்தான் காரணம். திறந்தாள். வாட்ஸாப் குழுவில் ரோஜாப்பூக்கள். கிருபாகரனிடமிருந்து, மீன் வாங்கட்டுமா, விளமீன் நல்லாருக்கு, என்று ஒன்று. அப்புறம் மின்னஞ்சலில் ஒன்றே ஒன்று, தெரியாத ஒரு பெண், பெயர் ஹாந்தா, மடகாஸ்கரில் ஒரு நெல் ஆராய்ச்சிப் பண்ணை. தலைப்பில் "ஒன்பதுக்கு வேலை செய்யவில்லை" என்றிருந்தது. படிக்கும்போது எழுத்துகள் ஓடின, நிறுத்தி மறுபடி படித்தாள். உங்கள் அறிவிப்பைப் பார்த்துக் காலையிலேயே நிறுவினேன், எட்டு ரகத்துக்கு அழகாக வருகிறது, ஒன்பது என்று கேட்டால் அட்டவணை கிடைக்கவில்லை என்று நின்றுவிடுகிறது, நான்கு தடவை நீக்கிவிட்டு நிறுவிப் பார்த்தேன், மூட்டைக்குள் தேடியும் பார்த்தேன், அந்தக் கோப்பு உள்ளே இல்லை என்று தோன்றுகிறது, எங்களிடம் இருப்பது ஒன்பது ரகம், ஒன்றை விட்டுவிடுங்கள் என்கிறார்கள், எதை விடுவது, ஒவ்வொன்றும் ஒரு கிராமத்திலிருந்து கேட்டு வாங்கி வந்த விதை, நாற்று முற்றிக்கொண்டிருக்கிறது, வியாழக்கிழமை நட்டாக வேண்டும், இது எனக்குக் கட்டாயம் வேண்டும், தயவுசெய்து பாருங்கள்.

எனக்குக் கட்டாயம் வேண்டும். அவள் அந்த வரியிலேயே நின்றாள். பயந்தபடியே ஆகியிருக்கிறது, அட்டவணை போகவில்லை, அதில் இனிச் சந்தேகமில்லை, வெட்கப்பட வேண்டும், வெட்கமும் வந்தது, ஆனால் வெட்கத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வேறொன்று முன்னால் வந்து நின்றது. நான்கு தடவை நிறுவியிருக்கிறாள். உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போகவில்லை. மூட்டையைப் பிரித்து உள்ளே தேடியிருக்கிறாள். கடலுக்கு அந்தப் பக்கம் சேற்றுக் காலோடு ஒருத்தி, சுகிர்தா செய்த ஒன்று இல்லாமல் வேலை ஓடாது என்று உட்கார்ந்திருக்கிறாள். இத்தனை வருஷம் சுகிர்தா செய்த கணக்கு எதுவும் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை, பட்டத்துக்கு வேண்டியிருந்தது, பதவி உயர்வுக்கு வேண்டியிருந்தது, ஒரு மனுஷிக்கு வேண்டியிருந்ததில்லை. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். துடைத்து மாட்டியதும் மறுபடி மங்கியது.

"என்ன மேடம், நல்ல சேதியா?" என்று கேட்டார் இசக்கிமுத்து சார், தன் போனைத் தட்டிப் பார்த்துக்கொண்டே.

"ஆமா சார். மடகாஸ்கர்ல ஒருத்தங்களுக்கு வேல செய்யலையாம்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தீர்மானிக்க முடியவில்லைபோல. "வேல செய்யலன்னாவா நல்ல சேதி?" என்றார். அவள் அதற்குள் வாசலுக்குப் போய்விட்டாள், வீட்டுக்குப் போக வேண்டும், ஒரு வரி சேர்க்க வேண்டும், இந்தத் தடவை ஆய்வகத்தில் புதுக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்காமல் விடக் கூடாது, சாவி முதல்வரிடம், முதல்வர் சாப்பிடப் போயிருப்பார், பரவாயில்லை, வீட்டு வாசலில் போய் நிற்கலாம். வாசல் படியில் இறங்கிக்கொண்டே ஒரு கையால் பதிலைத் தட்டினாள். மன்னியுங்கள், அட்டவணையை உள்ளே வைக்க மறந்தது என் தப்பு. இன்று மாலைக்குள் ஒன்பதுக்கான சதுரம் உங்கள் கையில் இருக்கும், நிரை மறுபடி வம்பு செய்தால் நானே வரைந்து அனுப்புகிறேன். ஒரு ரகத்தையும் விட வேண்டாம். நாற்றைப் பறிக்கச் சொல்லுங்கள்.